ஜப்பான் கொழுக்கட்டை

கல்யாண வீட்டில் மணப்பெண்ணிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. அது எவ்வளவு நல்ல வழக்கம் என்பது என் கல்யாணத்தில்தான் தெரிந்தது. என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டார்கள், நானும் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு குடும்பத்திலும் யார் கல்யாணப் பேச்சை எடுத்தாலும், முதலில் பெண்ணை உள்ளே போகச் சொல்லிவிடுகிறார்கள்.

யோசனை கேட்டவர் அப்பா. கீழ்புத்துப்பட்டில் கொத்தனார். சுவர் கோணலாக இருந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார், ஆனால் பாட்டுக் கச்சேரி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"ரிசப்ஷனுக்குக் கச்சேரி எதனா வெக்கணும்மா. மாப்ள வீட்ல எதிர்பாக்குறாங்க. உனக்கு யாருன்னா தெரியுமா?"

நான் அப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனிஸ்ட். வெந்நீர் ஏன் வரவில்லை என்று ஐந்தாறு நாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் காரணம் சொல்கிற உத்தியோகம். அதனால் வீட்டில் எனக்கு உலகம் தெரிந்தவள் என்று ஒரு பெயர். கேட்டவுடன் தெரியாது என்று சொன்னால் அந்தப் பெயர் என்னாவது?

"இருக்காங்கப்பா. ஜப்பான்லேருந்து ஒரு பேண்டு வந்திருக்குது" என்றேன்.

வந்திருந்தது உண்மை. எங்கள் கெஸ்ட் ஹவுஸின் பின்பக்க அறைகளில் மூன்று பேர் தங்கியிருந்தார்கள். கிடார் வாசித்துப் பாடுகிற கென்ஜி, அடித்தொண்டையில் உறுமுகிற பேஸ் கிடார் வாசிக்கிற மிச்சிகோ அம்மா, டிரம்ஸ் அடிக்கிற ஒசாமு. மூவருக்கும் நாற்பது தாண்டியிருக்கும். கென்ஜி வீட்டு கார் ஷெட்டில் ஆரம்பித்த குழுவாம். குழுவின் பெயர் மிக நீளம். நான் எழுதி வைத்துப் படித்தும் வாயில் நுழையவில்லை. எங்கள் தோட்டக்கார அண்ணன் "ஜப்பான் செட்டு" என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது.

அவர்கள் வாசித்தது அந்தக் காலத்து இசை. அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கக் கடற்கரையில், பலகையில் நின்று அலைச்சறுக்கு விளையாடுகிற பிள்ளைகளுக்காகப் பிறந்த கிடார் பாட்டு. அதோடு, அதற்குப் பிறகு வந்த பங்க் என்கிற கோபக்காரப் பாட்டையும் சேர்த்துப் பிசைந்து வாசிப்பார்கள். எல்லாம் பழைய மாதிரியே இருக்க வேண்டும். கிடார் பழசு. ஆம்ப்ளிஃபயர் அதைவிடப் பழசு; உள்ளே ஸ்பிரிங் வைத்தது, காலால் ஒரு உதை விட்டால் இடி இடிக்கும். உடையும் பழசு மாதிரிதான்: மூவருக்கும் ஒரே அளவெடுத்த கறுப்புக் கோட்டு, நூல் மாதிரி டை. அதுவும் வைகாசி வெயிலில். (அந்தக் கோட்டைப் பிழிந்தால் மரக்காணத்துக்குப் போகாமலே உப்பு எடுக்கலாம் என்பார் துணி துவைக்கிற அக்கா.)

எனக்கு அவர்களைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. கடலுக்கென்றே வாசிக்கிற இந்த மூன்று பேரும் மலை ஊர்க்காரர்கள். ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. முதல் நாள் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். கோட்டோடு, கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, மூவரும் கை கோத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார்கள். அலை வந்ததும் கையை விடாமலே பின்னால் ஓடிவந்தார்கள். மறுபடி போய் நின்றார்கள். இருட்டும் வரை இதே வேலை. அப்படிப்பட்டவர்கள் யாருக்கும் கெடுதல் செய்ய மாட்டார்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கெடுதல் செய்தது நான்.

கல்யாணத்தில் வாசிக்க முடியுமா என்று கேட்டதும் மூவரும் இடுப்பு வரை குனிந்தார்கள். சம்பளம் என்ன என்றேன். கென்ஜி வயிற்றைத் தட்டிக்காட்டி, தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொன்னார்: "சாப்பாடு சூப்பர்." கல்யாணச் சாப்பாடு போட்டால் போதுமாம்.

அவர்கள் பாட்டை நான் முழுசாகக் கேட்டிருந்தேனா என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவும் பிற்பாடு அதைத்தான் கேட்டார். பக்கத்து ஹாலில் அவர்கள் வாசித்தபோது அரைப் பாட்டு கேட்டேன், அதற்குள் சரவணன் போன் வந்துவிட்டது.

சரவணன்தான் மாப்பிள்ளை. மரக்காணத்தில் மொபைல் கடை. எனக்கு அவரைப் பெண் பார்க்க வந்த அன்றே பிடித்துவிட்டது. பஜ்ஜி சாப்பிட்ட கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கடைசி வரை கையை மூடியே வைத்திருந்தார். அவர் அப்பா, அதாவது என் மாமனார், உப்பளத்தில் மேஸ்திரி. சொந்தமாகவும் இரண்டு பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்தார். வாயைத் திறந்து அதிகம் பேச மாட்டார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்துப் பேச அவருக்கு ஒரு தம்பி இருந்தார், சரவணனின் சித்தப்பா.

இதற்கு முன்னால் எனக்கு ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அப்பா யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. நாலு பேர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவார். இந்தக் கல்யாணம் நல்லபடி முடிந்தால்தான் அவர் தலை நிமிரும். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் செய்தேன் பாருங்கள்.

பேசி முடித்த ஏற்பாடு இதுதான். மரக்காணத்தில் மண்டபம். சாயங்கால ரிசப்ஷன் சாப்பாடு எங்கள் பொறுப்பு, காலை முகூர்த்தச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. எங்கள் ஊர்ப்பக்கம் மண்டபத்துக்குச் சாமான் இறக்கும்போது முதலில் உப்பு இறங்க வேண்டும். மாமனார் அதைக் கடையில் வாங்கவில்லை. தன் பாத்தியில் வாரிய கல் உப்பை ஒரு மூட்டை கட்டி, தானே தலையில் சுமந்துவந்து சமையல்கட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இனி என் கைங்கரியத்துக்கு வருகிறேன். அதன் பெயர் ஃப்ளெக்ஸ்.

கச்சேரிக்கென்று தனியாக மூன்று ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லியிருந்தேன். ஒன்று எங்கள் ஊர் முனையில், ஒன்று எக்கியார்குப்பம் போகிற வழியில், ஒன்று மண்டபத்து வாசலில். கடைக்காரர் டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது நான் தையல் கடையில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையைத் தூக்கியபடி இன்னொரு கையால் "ஓகே" போட்டேன். கறுப்புக் கண்ணாடி போட்ட மூன்று ஜப்பானியர்கள் ஆளுயரத்துக்கு நின்றார்கள். கீழ் மூலையில் நானும் சரவணனும் பாஸ்போர்ட் அளவில் இருந்தோம். மேலே "ஜப்பானிலிருந்து நேரடியாக மரக்காணத்தில்" என்று கொட்டை எழுத்து. அடியில், "அனைவரும் வருக வருக."

அந்தக் கடைசி வரியை நான் கவனிக்கவே இல்லை. யார்தான் கவனிப்பார்கள்? எங்கள் பக்கம் காது குத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் எந்த ஃப்ளெக்ஸ் அடித்தாலும் அந்த வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் படித்துவிட்டு யாரும் வந்ததில்லை. ஆனால் மூன்று ஜப்பானியர்களுக்குக் கீழே அந்த வரியை இதுவரை யாரும் போட்டதும் இல்லை.

ரிசப்ஷன் அன்று மேடையில் எங்களுக்கு சோபா ஒரு பக்கம், ஜப்பான் செட்டு இன்னொரு பக்கம். மாமியார் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தார். கென்ஜி மைக்கைப் பிடித்து, நான் சொல்லிக்கொடுத்தபடி "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றார். கூட்டம் கை தட்டியது. அவருக்கு அன்று கிடைத்த கடைசி நிம்மதியான கைதட்டல் அதுதான்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? கென்ஜி கத்தினார். மிச்சிகோ அம்மா உறுமினார். ஒசாமு ஏதோ பழைய பகை தீர்ப்பவர் மாதிரி அடித்தார். முன்வரிசையில் ஒரு குழந்தை ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டு, அழுவதா வேண்டாமா என்று யோசித்தது. ஜனங்கள் காதைப் பொத்துவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. (அவர்கள் பாட்டு ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போகாது என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.) அப்பாடா என்று கையை எடுப்பதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிட்டது.

சரவணன் சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் குனிந்தார். "அமுதா, இது சரியாத்தான் போயிட்டிருக்குதா?"

"இப்படித்தாங்க இருக்கும்" என்றேன், ஏதோ ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி.

சித்தப்பா மேடை ஓரத்துக்கு வந்தார். "ஏம்மா, அந்தாளுக்கு மைக்ல ஷாக் அடிக்குதுன்னு நெனைக்கிறேன். மெயினை ஆஃப் பண்ணச் சொல்லட்டா?"

நான் கென்ஜியைப் பார்த்து, கையை மெல்லக் கீழே இறக்கி, மெதுவாக, மெதுவாக என்று சைகை காட்டினேன். அவரிடம் மெதுவான பாட்டே கிடையாது. ஆனாலும் நல்ல மனிதர். ஒரு நிமிஷம் யோசித்தார். ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு உதை விட்டார். இடி இடித்து அடங்கியதும், கத்துவதை நிறுத்திவிட்டு வெறும் கிடாரில் ஒரு கடல் பாட்டை எடுத்தார்.

நாற்காலிகளில் இருந்த பெரியவர்கள் முகமெல்லாம் மாறியது. அது அவர்களுக்குத் தெரிந்த சத்தம். அந்தக் காலத்துப் படங்களில் வில்லனின் கிளப்பில், கலர் லைட் சுற்ற, இறகுத் தொப்பி வைத்த பெண் ஆடும்போது பின்னால் நெளிந்துகொண்டு வருமே ஒரு கிடார், அதே கிடார். என் பெரியம்மா "ஐய, இது கிளப் டான்ஸு" என்று வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். மாமியார் பன்னீரைத் தாளத்துக்குத் தெளிக்க ஆரம்பித்தார். நாலாவது வரிசையில் மாமனார் அசையாமல் உட்கார்ந்திருந்தார், ஆனால் அவருடைய வலது செருப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு முடிகிறபோதெல்லாம் மூவரும் வரிசையாகக் குனிந்தார்கள். காலில் விழுகிறார்கள் என்று நினைத்து ஒரு பெரியவர் மேடையேறி மூவர் நெற்றியிலும் திருநீறு பூசி, தீர்க்காயுசாக இருக்கச் சொன்னார். நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னையே மெச்சிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் வாசல் பக்கம் அனைவரும் வந்துகொண்டிருந்தார்கள்.

உப்பளத்தில் வேலை முடித்தவர்கள் கால் கழுவிக்கொண்டு அப்படியே வந்தார்கள். குப்பங்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பைக்கில் பாண்டிக்குப் போய்க்கொண்டிருந்த பையன்கள் வண்டியை ஓரம் கட்டினார்கள். ஒரு பஸ்ஸே நின்றது; அதன் டிரைவரும் கண்டக்டரும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பதைக் கல்யாண வீடியோவில் இன்றும் பார்க்கலாம். எங்கள் பக்கம் மண்டபத்துக்குள் வந்துவிட்ட ஒருவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்ப முடியாது. அப்பா வாசலில் நின்று, கை கூப்பி, "வாங்க வாங்க, சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்று ஒவ்வொருத்தரையும் பந்திக்கு அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டுக்கு இத்தனை சொந்தமா என்று அவருக்குப் பெருமை. பெண் வீட்டுக்கு இத்தனை சொந்தமா என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

சாப்பாட்டுக் கூடம் மேடைக்குப் பின்னால்தான். பாட்டு போகிற வேகத்துக்குப் பரிமாறுகிறவர்கள் காலும் போனது. இலை விழுந்ததும் சோறு, சோறு விழுந்ததும் சாம்பார், ரசம் கேட்பதற்குள் மோர். ஒரு பந்தி எழ, அடுத்த பந்தி உட்கார, எல்லாம் ஒன்றரை நிமிஷப் பாட்டின் கணக்கில் நடந்தது.

மாப்பிள்ளையின் நெருங்கிய சொந்தங்கள் கடைசியில் உட்காருவார்கள். அதற்குச் சம்பந்தி பந்தி என்று பெயர். பெண் வீட்டார் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உபசரித்துப் போட வேண்டும். அன்றைய விருந்து எங்கள் பொறுப்பு என்றால், அதற்கு உண்மையான அர்த்தம் இந்த ஒரு பந்திதான். போட்டோவெல்லாம் முடிந்து அவர்கள் போய் உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

அம்மா மேடைக்கு வந்து என் காதில் "சமையல்கட்டுக்கு வா" என்றாள். மாலையும் கழுத்துமாக ஓடினேன். சமையல்காரர் தேவராஜ் அண்ணன் ஒரு அண்டாவுக்குள் கரண்டியை விட்டுத் தட்டிக் காட்டினார். மணி அடித்த மாதிரி கேட்டது.

"எல்லாம் காலிம்மா. அரிசி இருந்துச்சு, சோறு மட்டும் வடிச்சுட்டேன். வெறுஞ்சோத்த எப்படிப் போடுறது? காய்கறி பூரா காலைக்கு வந்தது, அது மாப்ள வீட்டுச் சாமான். ரூம் சாவி அவங்ககிட்ட இருக்குது."

பின்னாலேயே வந்த சரவணன், "நான் சாவி வாங்கியாரேன் மாமா" என்றார்.

"வேணாம் மாப்ள" என்றார் அப்பா. "நான் போடவேண்டிய சோத்துக்கு அவங்க சாமானை எடுத்தேன்னு பேரு வேணாம்."

அப்பா கவிழ்த்துப்போட்ட ஒரு அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தார். புது வேட்டியில் கரி ஒட்டியிருந்தது. என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, அந்த போர்டுல எல்லாரும் வாங்கன்னு போட்டியாமே."

"அது எல்லா ஃப்ளெக்ஸ்லயும் போடுறதுதாம்பா."

"எல்லா ஃப்ளெக்ஸ்லயும் ஜப்பான்காரன் இருக்க மாட்டானேம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடத்திலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. "இலைய போட்டுட்டு ஆளக் காணோம். ஊருக்கெல்லாம் சோறு, சம்பந்திக்கு இல்லியா? எழுந்திருங்கப்பா, வீட்டுக்குப் போயி கஞ்சி குடிக்கலாம்." அப்பா கண்ணை மூடிக்கொண்டார். போன சம்பந்தமும் இப்படி ஒருத்தர் "எழுந்திருங்கப்பா" என்று சொல்லித்தான் நின்றது.

சரியாக அப்போது ஜப்பான் செட்டு சமையல்கட்டுக்குள் நுழைந்தது. வாசித்து முடித்துவிட்டு, பேசிய சம்பளத்தை வாங்க வந்திருந்தார்கள். கென்ஜி முகமெல்லாம் சிரிப்பாக, "சாப்பாடு சூப்பர்?" என்றார்.

தெரிந்த ஆங்கிலத்திலும் மிச்சத்தை அழுகையிலும் சொன்னேன். சாப்பாடு இல்லை, மாப்பிள்ளை வீட்டார் கோபம், கல்யாணம் நிற்கலாம், இவர் என் அப்பா. மூவரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அப்பா முன்னால் வரிசையாக நின்று, அதுவரை நான் பார்க்காத அளவுக்குக் குனிந்தார்கள். கூட்டம் தங்களால் வந்தது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அப்பா பதறி எழுந்து அவர்களைத் தூக்கிவிடப் பார்த்தார்.

மிச்சிகோ அம்மா நிமிர்ந்ததும் சோற்று அண்டாவைப் பார்த்தார். வடித்த சோற்றில் ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தார். கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "சால்ட்?" என்றார்.

தேவராஜ் அண்ணன் மூட்டையைக் காட்டினார். மிச்சிகோ அம்மா ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார், கண்ணை மூடித் தலையாட்டினார், மற்ற இருவருக்கும் கொடுத்தார். மூவரும் தலையாட்டினார்கள். ஆனால் கல் கல்லாக இருந்தால் உதவாதாம், பொடி வேண்டுமாம். ஒசாமு உடனே இரண்டு கை உப்பை, பக்கத்தில் நின்ற என் தம்பியின் புதுத் துண்டை வாங்கி அதில் கொட்டி முடிச்சுப் போட்டார், இடுப்பிலிருந்து டிரம்ஸ் குச்சிகளை உருவி, அதன் மேல் அடிக்க ஆரம்பித்தார். பழக்க தோஷம், தாளம் தப்பவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் கச்சேரி மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தார்கள். கென்ஜி இதைத் தன் போனில் பதிவு செய்துகொண்டிருந்தார்.

இதற்குள் யாரோ கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நிழல் தட்டியது. மாமனார்.

துண்டையும் குச்சியையும் ஒசாமுவையும் பார்த்தார். அதுவரை என்னிடம் மொத்தமாக ஐந்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். அன்று சமையல்கட்டே அதிரும்படி கேட்டார்.

"எங்க உப்ப எதுக்குடா அடிக்கிற?"

யாரும் பதில் சொல்லவில்லை. ஒசாமுவுக்கு மொழி தெரியாது, எங்களுக்கு வாய் வரவில்லை. ஒசாமு மரியாதையாகக் குனிந்துவிட்டு, முடிச்சை அவிழ்த்து, பொடித்த உப்பை ஈரக் கையால் அள்ளினார். உடனே முகம் கோணியது. கையை உதறினார். சாயங்காலம் முழுக்க அடித்ததில் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பித் தோல் உரிந்திருந்தது. சத்தம் போடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபடி உப்புக்குள் கையை விடப் போனார்.

மாமனார் இரண்டே எட்டில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கையையும் பக்கத்தில் விரித்து வைத்துக் காட்டினார். அந்தக் கையை நான் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெடித்துக் கிடந்தது.

"புண்ணுல உப்பு பட்டா எப்படி எரியும்னு எனக்குத் தெரியும். நீ தள்ளு" என்றார். தேவராஜ் அண்ணனிடம், "தேங்கா எண்ண கொண்டாப்பா, இந்தாளு கையில தடவு" என்றார். பிறகு மிச்சிகோ அம்மாவிடம் திரும்பி, "நீ சொல்லும்மா. என்ன செய்யணும்?"

மிச்சிகோ அம்மா செய்து காட்டினார். கையை நனைத்து, உப்பைத் தேய்த்து, சூடான சோற்றை ஒரு பிடி எடுத்து, நடுவில் ஏதாவது புளிப்பாக வைத்து, அழுத்தி உருட்டி முக்கோணமாகப் பிடிக்க வேண்டும். புளிப்புக்கு என்ன செய்வது? எந்தக் கல்யாணத்திலும் மிஞ்சுகிற ஒரே பொருள் ஊறுகாய். எலுமிச்சை ஊறுகாயை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து வைத்தோம். மிச்சிகோ அம்மா ஒரு துண்டைத் தின்று பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு கைதட்டினார்.

மாமனார், அப்பா, சரவணன், கென்ஜி, மாலையோடு நான், எல்லோரும் ஒரே அண்டாவைச் சுற்றி நின்று பிடித்தோம். சோறு கொதிக்கிறது, மருதாணி போடாத கைகூடச் சிவந்துபோயிற்று. என்னுடையது முக்கோணமாகவே வரவில்லை. அப்பாவுடையது நூல் பிடித்த மாதிரி வந்தது. மாமனார் அதைப் பார்த்து, "கொத்தனார் கையில்ல" என்றார். அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

முதல் தட்டை மாமனாரே தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்து உபசாரம் வாங்க வேண்டிய பந்தியில், அவரே குனிந்து குனிந்து ஒவ்வொரு இலையிலும் வைத்தார். எழுந்திருக்கப் போன சித்தப்பா பாதி எழுந்த நிலையிலேயே நின்றார்.

"இன்னாண்ண இது? சோத்த உருட்டிக் கொழுக்கட்டை மாதிரி?"

"ஜப்பான் கொழுக்கட்டை. உப்பு நம்மளுது. உக்காந்து துன்னு" என்றார் மாமனார்.

பெரியவரே பரிமாறிய பிறகு யார் என்ன சொல்ல முடியும்? சித்தப்பா உட்கார்ந்தார். ஒன்று தின்றார். இன்னொன்று கேட்டார். பிறகு "உள்ள ஊறுகா நெறைய வெச்சுப் போடு" என்று தனியாகச் சொல்லி அனுப்பினார். ஜப்பான் செட்டுக்கும் அங்கேயே இலை போட்டோம். கென்ஜி ஒவ்வொரு வாய்க்கும் "சாப்பாடு சூப்பர்" என்றார், தன் ஊர்ச் சோற்றுக்கு.

மறுநாள் காலை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கெட்டிமேளத்தின்போது டிரம்ஸ் பக்கம் யாரும் போகாமல் என் அம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அப்பா இப்போது எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போகிறார். போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார், என்னை வைத்துக்கொண்டே சொல்கிறார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்த விருந்தானாலும் சம்பந்தி பந்தியில் முதலில் விழுவது ஜப்பான் கொழுக்கட்டைதான். என் மகள் பிறந்தபோது தொட்டில் போட்ட அன்று கூட மாமனார் சோறு பிடிக்கக் கை கழுவிவிட்டு வந்து நின்றுவிட்டார்.

ஒரு வருஷம் கழித்து கென்ஜி ஒரு வீடியோ அனுப்பினார். தரைக்குக் கீழே ஏதோ ஒரு அறை, தலைக்குச் சிவப்பும் பச்சையும் சாயம் போட்ட பிள்ளைகள், நெரிசல். மேடையில் அதே கறுப்புக் கோட்டுகள். முதலில் துண்டில் உப்பு அடிக்கிற தாளம். அதன்மேல் கிடார் ஏறுகிறது. திடீரென்று எல்லாம் நிற்கிறது, அன்று போனில் பதிவான குரல் அறையே அதிரும்படி கேட்கிறது: "எங்க உப்ப எதுக்குடா அடிக்கிற?" கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கி அதையே திருப்பிக் கத்துகிறது. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. கென்ஜி எழுதியிருந்தார்: இப்போது அவர்களுடைய எல்லாக் கச்சேரியும் இந்தப் பாட்டில்தான் முடிகிறதாம்.

சரவணன் டிவியில் போட்டுக் காட்டினார். எங்கள் வீட்டிலும் அந்த வாக்கியம் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. பால் பொங்கவிட்டாலும், போனைக் கீழே போட்டாலும், நான் ஏதாவது யோசனை சொல்ல வாயெடுத்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

மாமனார் கைகட்டி உட்கார்ந்து முழுப் பாட்டையும் பார்த்தார். வலது கால் ஆடியது. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அதுவும் முடிந்ததும் எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"இத்தினி பேரு கேக்குறாங்க" என்றார். "இன்னும் ஒருத்தனும் பதில் சொல்ல மாட்றான்."